வாழ்க்கை முறை என்னும் சொல்: பொருளும் புழக்கமும்

தற்காலத் தமிழில் ‘வாழ்க்கை முறை’ என்னும் தொடர் நான்கு இடங்களில் நான்கு வேறுபட்ட பொருள்களில் வழங்குகிறது. மானிடவியல் நூலில் அது ஒரு மக்கள்கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவரும் தொழில், உணவு, மணமுறை, சடங்கு ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கிறது. நாளிதழின் இணைப்பிதழில் உடை, ஒப்பனை, வீட்டலங்காரம், சுற்றுலா ஆகியவற்றுக்கான பொதுத் தலைப்பாக நிற்கிறது. மருத்துவரின் அறையில் ஒருவர் என்ன உண்கிறார், எத்தனை மணிக்கு உறங்குகிறார், புகைக்கிறாரா, நடக்கிறாரா என்ற கேள்விகளின் தொகுப்பாக மாறுகிறது. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் தனிமனிதர் செலவிடும் நீர், மின்சாரம், எரிபொருள் ஆகியவற்றின் கணக்காகிறது. 2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் ஏக்தா நகரில் இந்திய அரசு தொடங்கிவைத்த ‘சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கை முறை’ இயக்கம் இந்த நான்காவது பொருளைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. இவற்றுள் முதற்பொருளுக்கும் பின்னைய மூன்றுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முதலாவது, ஒரு மனிதர் பிறக்கும்போதே அவருக்காகக் காத்திருப்பது. மற்ற மூன்றும் அவரே தேர்ந்துகொண்டதாகக் கருதப்படுவன. ஒரே தொடர் இரண்டையும் சுமப்பதால், தமிழில் எழுதப்படும் நலவாழ்வுக் கட்டுரைகளிலும் அரசுப் பரப்புரைகளிலும் ஒரு பெரும் பொருள்மயக்கம் நேர்கிறது. அந்த மயக்கம் வறியவர்மேல் பழியாக இறங்குவதால், இச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது தேவையாகிறது.

தமிழின் ‘வாழ்’ என்னும் வினை வெறுமனே உயிரோடு இருத்தலைச் சுட்டுவதன்று. ‘வாழ்ந்த குடும்பம்’ என்று ஊரார் சொன்னால் செல்வமும் மதிப்பும் பெற்று விளங்கிய குடும்பம் என்றே பொருள். ‘வாழ்ந்து கெட்டவர்’ என்னும் வழக்கில் வாழ்தல் என்பது செழித்தலுக்கு நேர்ச்சொல்லாகவே நிற்கிறது. ஒரு பெண் மணம்செய்து புகுந்த வீட்டைச் சொல்லும்போது ‘அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள்’ என்பர். கணவனைப் பிரிந்து தாய்வீடு திரும்பியவளைக் கொடுஞ்சொல்லாக ‘வாழாவெட்டி’ என்றனர். இவ்விரு சொற்களும் வாழ்க்கை என்பதற்குச் சமூகம் வகுத்த ஓர் இடமும் வடிவமும் உண்டு என்ற எண்ணத்தின்மேல் எழுந்தவை. இதற்கு எதிர்நிலையில் நிற்பது ‘பிழைப்பு’, பேச்சில் ‘பொழப்பு’. ஊர்விட்டு ஊர் போனவர் பிழைக்கப் போனவர். பெருநோயிலிருந்து மீண்டவர் பிழைத்துக்கொண்டவர். வயிற்றுக்காகவும் உயிருக்காகவும் செய்வதெல்லாம் பிழைப்பு. அதற்கு மேலே கொஞ்சம் நிழலும் ஓய்வும் மதிப்பும் கிடைத்தால்தான் அது வாழ்வு. ‘பிழைப்பு முறை’ என்று தமிழில் எவரும் சொல்வதில்லை என்பது கருதத்தக்கது. முறை என்ற சொல் வாழ்வோடுதான் சேர்கிறது. பிழைப்புக்கு வழிதான் உண்டு, முறை இல்லை.

‘முறை’ என்னும் சொல்லோ அதைவிடவும் அடர்த்தியானது. வரிசை, தடவை, நீதி, உறவு, நியமம் என அதன் பொருள்கள் விரிகின்றன. மன்னன் முறைசெய்தான் என்றால் நீதி வழங்கினான். முறைப்பெண் என்றால் உறவினால் உரிமையுள்ள பெண். ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது என்றால் ஊர் ஒப்புக்கொண்ட வரிசைப்படி ஒவ்வொரு வயலுக்கும் நீர் பகிர்வது. இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது, தனியொருவர் விருப்பத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் ஒழுங்கு. தண்ணீர் முறையைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ள எந்த உழவராலும் இயலாது. ஆகவே ‘வாழ்க்கை முறை’ என்று தமிழில் சொன்னவுடன் காதில் விழுவது கூட்டம் வகுத்த ஒழுங்கே ஆகும். தொல்காப்பியத்தின் திணைக்கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்தின் உணவு, தொழில், பறை, யாழ், தெய்வம் ஆகியவற்றைக் கருப்பொருளாக அடுக்கி, அவற்றின்மேல் மாந்தரின் உரிப்பொருளை எழுப்பியபோது, வாழ்க்கையின் வடிவம் இடத்திலிருந்து பிறக்கிறது என்ற கருத்தையே இலக்கணமாக்கியது. பிரெஞ்சுப் புவியியலாளர் பால் விடால் த லா பிளாஷ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு நிலப்பகுதியின் இயற்கையும் அங்குள்ளோரின் நீண்டகால உழைப்பும் சேர்ந்து உருவாக்கும் வாழ்க்கை வகைகளைப் பற்றி எழுதியது, அடிப்படையில் இதற்கு மிக அண்மையில் நிற்கும் சிந்தனையே.

ஆனால் ஆங்கிலத்தில் ‘லைஃப்ஸ்டைல்’ என்று வழங்குவது இந்த வேரிலிருந்து முளைத்ததன்று. அதன் இரண்டாம் பாதியான ‘ஸ்டைல்’, இலத்தீனில் மெழுகுப் பலகையில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணியின் பெயரிலிருந்து வந்தது. எழுத்தாணியின் பெயர் எழுதும் விதத்துக்கும், எழுதும் விதத்தின் பெயர் ஆளுக்கு ஆள் வேறுபடும் தனித்தன்மைக்கும் ஆகிவந்தது. தமிழில் இதற்கு வியப்பூட்டும் இணையாக ‘நடை’ என்னும் சொல் இருக்கிறது: கால்களின் நடை, ஒழுக்கமாகிய நடை, எழுத்தின் நடை என மூன்றும் அதில் அடங்கும்; ‘நடை உடை பாவனை’ என்னும் பேச்சுத்தொடர் லைஃப்ஸ்டைலின் புறத்தோற்றத்தை ஏறக்குறைய முழுவதும் சொல்லிவிடுகிறது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘வாழ்க்கை நடை’ என்று ஆக்காமல் ‘வாழ்க்கை முறை’ என்றே ஆக்கினர். தனித்தன்மையைச் சுட்டிய அயற்சொல், தமிழில் நியமத்தைச் சுட்டும் சொல்லின் உடையை அணிந்துகொண்டது இவ்வாறுதான்.

ஜெர்மன் மொழி எழுத்தாளர்களிடம் இக்கருத்து முதலில் கூர்மை பெற்றது. கியோர்க் ஸிம்மல் 1900இல் வெளியிட்ட ‘பணத்தின் மெய்யியல்’ நூலின் இறுதி இயலுக்கு ‘வாழ்வின் பாணி’ என்ற பொருளில் தலைப்பிட்டு, பணம் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றும் பெருநகரத்தில் மனிதர்களின் அன்றாடம் எவ்வாறு உருமாறுகிறது என்று ஆராய்ந்தார். மாக்ஸ் வேபர் மேலும் ஓரடி சென்றார். அவர் மறைந்தபின் 1922இல் நூலாக வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ என்னும் பேராய்வில், வர்க்கம் வேறு, மதிப்புநிலைக் குழு வேறு என்று பிரித்தார். சந்தையில் ஒருவருக்கு உள்ள உடைமையும் திறனும் அவரது வர்க்கத்தைத் தீர்மானிக்கின்றன. பொருள்களை எவ்வகையில் நுகர்கிறார், எத்தகைய வாழ்வு நடத்துகிறார் என்பதால் அவரது மதிப்புநிலை புலப்படுகிறது. ஒரு குழு தன் வாழ்வின் பாணியைக் காத்துக்கொள்ள யாரோடு சேர்ந்து உண்பது, யாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வது என்று வேலியிடும். அவ்வேலி முற்றிய நிலையே சாதி என்று வேபர் கருதினார். இந்த இடம் தமிழ் வாசகர் நின்று நோக்கவேண்டியது. இன்று இதழ்களின் வண்ணப் பக்கங்களில் மென்மையாக ஒலிக்கும் ஒரு சொல், சமூகவியலில் வேர்பிடித்தபோது வேலிகளைப் பற்றிய ஆய்விலேயே பிடித்தது.

வியன்னாவின் மருத்துவர் ஆல்ஃப்ரட் அட்லர் (1870–1937) இதே தொடரை முற்றிலும் வேறொரு திசையில் எடுத்துச்சென்றார். 1911இல் ஃப்ராய்டின் வட்டத்திலிருந்து பிரிந்து தனிநபர் உளவியல் என்னும் பள்ளியை நிறுவிய அவர், 1920களின் எழுத்துகளில் ‘வாழ்வின் பாணி’ என்று குறித்தது, குழந்தை தன் நான்கைந்து வயதுக்குள் தன் இயலாமையுணர்வை எதிர்கொள்ளத் தனக்கென்று அமைத்துக்கொள்ளும் மன அமைப்பைத்தான். அக்குழந்தை வளர்ந்தபின் எதைக் கண்டு அஞ்சும், எதை நோக்கி ஓடும், யாரிடம் ஒட்டும் என்பதெல்லாம் அந்த அமைப்பிலிருந்து கிளைக்கும். ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அட்லரிடமிருந்தே தொடங்குவர். ஆனால் அவர் சொன்ன பாணி, உடையவருக்கே எளிதில் புலப்படாதது. கடையில் வாங்கி மாற்றிக்கொள்ள இயலாதது. வேபரின் பொருளும் அட்லரின் பொருளும் தம்முள் வேறுபட்டாலும், வாழ்வின் பாணி என்பது நினைத்தவுடன் மாற்றக்கூடியதன்று என்பதில் ஒன்றுபடுகின்றன.

விருப்பம்போல் தேர்ந்துகொள்வது என்ற இன்றைய பொருளை இச்சொல்லுக்கு ஏற்றியதில் அமெரிக்கச் சந்தையியலுக்குப் பெரும்பங்கு உண்டு. வயது, வருமானம், வசிப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு வாங்குவோரைப் பிரித்த பழைய வழக்கம் போதாது என்று கண்ட சந்தையியலார், 1960களில் அவர்களின் ஈடுபாடுகள், விருப்பங்கள், கருத்துகள் ஆகியவற்றை அளக்கத் தொடங்கினர். வில்லியம் லேஸர் 1963இல் லைஃப்ஸ்டைல் என்னும் கருத்தைச் சந்தையியலுக்குள் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் பெற்றோரின் ஒழுங்குகளை உதறிய இளைஞர்கள் தமது வாழ்வை மாற்று லைஃப்ஸ்டைல் என்று அழைத்துக்கொண்டனர். 1969 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் தன் மகளிர் பக்கங்களை நிறுத்திவிட்டு ‘ஸ்டைல்’ என்ற பெயரில் புதிய பகுதியைத் தொடங்கியது; அமெரிக்காவின் பல நாளிதழ்கள் அந்த வழியில் நடந்தன. தமிழ் நாளிதழ்களின் இன்றைய லைஃப்ஸ்டைல் பக்கங்களும் இந்த மரபின் தொலைதூரக் கிளைகளே.

1978இல் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் நிறுவனத்தில் ஆர்னால்ட் மிட்செல் உருவாக்கிய ‘விழுமியங்களும் லைஃப்ஸ்டைல்களும்’ என்னும் வகைப்பாடு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்கரை ஒன்பது லைஃப்ஸ்டைல்களாகப் பிரித்த அந்த அடுக்கில் சாதனையாளர், பின்பற்றுவோர், சமூக அக்கறையாளர் முதலியோர் மேற்படிகளில் இருந்தனர். அடிப்படியில் இருந்தவர்களுக்கு இடப்பட்ட பெயர் ‘பிழைத்திருப்போர்’ என்று பொருள்படுவது. முதுமையாலும் வறுமையாலும் நொந்து, அடுத்த வேளைக்கு அல்லாடும் மனிதர்களின் நிலைமைக்கும் லைஃப்ஸ்டைல் என்றே பெயர் சூட்டப்பட்டது. வாழ்தலையும் பிழைத்தலையும் இருவேறு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கும் தமிழ் மனம் இதை ஏற்கத் தயங்கும், தயங்குவதே சரி. தேர்வுக்கு இடமில்லாத நிலைமையைத் தேர்வின் பெயரால் அழைப்பது வெறும் சொற்குற்றமாக நின்றுவிடுவதில்லை என்பதை இச்சொல் மருத்துவத்துக்குள் நுழைந்தபின் நடந்தவை காட்டுகின்றன.

அதற்குமுன், சட்டம் இச்சொல்லைக் கையாண்ட ஓர் அரிய இடத்தைச் சுட்டுவது தகும். கனடாவின் 1997ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் லைஃப்ஸ்டைல் விளம்பரத்தைத் தடைசெய்யும் பொருட்டு அதற்கு வரையறை வகுத்தது. கவர்ச்சி, கேளிக்கை, கிளர்ச்சி, உயிர்த்துடிப்பு, துணிச்சல் போன்றவை நிறைந்த ஒரு வாழ்வோடு ஒரு பண்டத்தை இணைத்துக் காட்டும், அல்லது அதைப் பற்றிய உணர்வை எழுப்பும் விளம்பரம் என்பது அவ்வரையறையின் சாரம். புகையிலை நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடியும், கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007இல் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. சிகரெட்டை விற்பவர் சிகரெட்டைப் பற்றிப் பேசுவதில்லை, அதைப் பிடிப்பவரின் வாழ்வைப் பற்றிய கனவையே விற்கிறார் என்று ஒரு நாட்டின் சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. தேர்வு என்று நாம் நம்புவதில் எவ்வளவு பங்கு பிறர் செலவிட்டு நமக்குள் நட்டுவைத்தது என்ற கேள்வி இதிலிருந்து எழாமல் இராது.

கனடாவே இச்சொல்லை நலவாழ்வுக் கொள்கையில் நிலைபெறச் செய்த நாடும் ஆகும். அந்நாட்டின் சுகாதார அமைச்சராயிருந்த மார்க் லலோண்ட் 1974இல் வெளியிட்ட அறிக்கை, மக்களின் உடல்நலத்தைத் தீர்மானிப்பவை மனித உயிரியல், சுற்றுச்சூழல், லைஃப்ஸ்டைல், மருத்துவச் சேவையின் அமைப்பு ஆகிய நான்கும் என்று வகுத்தது. மருத்துவமனைகளைக் கட்டினால் மட்டும் நலம் வந்துவிடாது என்று சொன்ன வகையில் அது துணிவான அறிக்கை. ஆனால் நான்கில் ஒன்றான சுற்றுச்சூழலைச் சீர்செய்வதற்கு ஆலைகளோடும் நகராட்சிகளோடும் போராடவேண்டும்; லைஃப்ஸ்டைலைச் சீர்செய்யச் சுவரொட்டி போதும். அரசுகள் எளிய வழியை நாடின. 1977இலேயே அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கிராஃபோர்ட், இவ்வகைப் பேச்சு பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குகிறது என்று எச்சரித்தார்.

ஜப்பானின் அனுபவம் இன்னும் நேரடியானது. அங்கு இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பக்கவாதம் போன்றவை நெடுங்காலம் ‘பெரியோர் நோய்கள்’ எனப்பட்டன. வயது ஏறினால் வருவன என்பது அதன் உட்கிடை. மருத்துவர் ஹினோஹாரா ஷிகேயாகி போன்றோர் வற்புறுத்தியதன் பயனாக, 1996இல் சுகாதார அமைச்சகம் அப்பெயரை ‘வாழ்க்கைப் பழக்க நோய்கள்’ என்று பொருள்படும் பெயராக மாற்றியது. நோய் விதியன்று, முன்கூட்டியே தடுக்கலாம் என்ற நம்பிக்கையை அம்மாற்றம் தந்தது. நோயுற்றவர் தம் பழக்கத்தால்தான் நோயுற்றார் என்ற தீர்ப்பையும் அதே பெயர் தன்னோடு எடுத்துவந்தது. தமிழில் ‘பழக்கவழக்கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் சொல்லின் இரு பாதிகள் இங்கு உதவுகின்றன: பழக்கம் என்பது ஒருவர் திரும்பத்திரும்பச் செய்து தம்மில் படியவைத்துக்கொள்வது; வழக்கம் என்பது ஊரும் காலமும் சேர்ந்து நடத்திவருவது. புகைப்பது பழக்கம், விருந்தினருக்கு இனிப்பு வைப்பது வழக்கம். நோய்க்கணக்கில் இவை இரண்டோடு மூன்றாவதாகச் சேரவேண்டியது, ஒருவருக்குக் கிட்டும் வாய்ப்பு. வேபரும் வாழ்வின் நடத்தையைப் பற்றிப் பேசிய இடங்களில் வாழ்வின் வாய்ப்புகளையும் பற்றிப் பேசினார்.

வாய்ப்பின் கை எவ்வளவு வலியது என்பதற்கு 1953இல் ‘லான்செட்’ இதழில் ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று குறைவு. லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த அவர்கள், ஈரடுக்குப் பேருந்தில் நாள்முழுதும் படியேறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களைவிட, இருக்கையைவிட்டு அசையாத ஓட்டுநர்களுக்கு இதயத் தமனி நோய் மிகுதி என்று கண்டனர். இருவரும் ஒரே நிறுவனத்தினர். ஒரே சமூகப் படிநிலையினர். ஓட்டுநர் உட்கார்ந்திருந்தது அவர் தேர்ந்த லைஃப்ஸ்டைல் அன்று, அவர் செய்த வேலை. இந்த முடிவுக்கு ஒரு திருத்தமும் உண்டு. 1956இல் அதே குழுவினர் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளை ஆராய்ந்தபோது, இளவயது ஓட்டுநர்களே நடத்துநர்களைவிடப் பருத்த இடுப்பினராயிருப்பதைக் கண்டனர். உட்காரும் வேலையை நாடி வந்தவர்களின் உடல்வாகு தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கலாம் என்ற ஐயத்தை அது எழுப்பியது. வேலை, உடல், பழக்கம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடப்பதை இந்த நேர்மையான ஐயம் மேலும் உறுதிசெய்கிறதேயன்றி, பழி முழுவதையும் தனிமனிதர்மேல் தள்ள இடந்தரவில்லை.

லண்டனில் உட்கார்ந்தே இருந்தது நோயாயிற்று. தமிழ்நாட்டில் நின்றே இருந்தது நோயாயிற்று. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் பெண்கள், நாள்முழுதும் உட்கார இடமின்றி நின்று, கால்நரம்புச் சுருட்டலாலும் முதுகுவலியாலும் துன்புற்றனர். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2018இலேயே இவ்வாறு செய்திருந்தது. இப்பெண்களிடம் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளுமாறு எத்தனை மருத்துவர் அறிவுறுத்தியிருந்தாலும் அவர்களால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மாற்றவேண்டியது சட்டமாக இருந்தது, சட்டம் மாற்றியது. உணவின் நிலையும் இதனின்று வேறன்று. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியைப் போக்கிய அந்தப் பெருந்திட்டத்தை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பத்திடம், அரிசியைக் குறைத்துப் பருப்பும் காயும் பழமும் கூட்டுங்கள் என்று சொல்பவர், அந்தக் காய்க்கும் பழத்துக்கும் ஆகும் காசைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்.

நோயின் பெருக்கமோ கவலைக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான பேராய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடிப் பேர், அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினர் என்று மதிப்பிட்டது. இவ்வளவு பெருந்தொகையினர் ஒரே காலத்தில் தத்தம் விருப்பப்படி தவறாகத் தேர்ந்தனர் என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தாது. அன்றியும், குழந்தைகளைத் தாக்கும் முதல்வகை நீரிழிவு, உடலின் தற்காப்பு அமைப்பே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது. பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் நீரிழிவு முழுவதும் வாழ்க்கை முறை நோய் என்று எழுதப்பட்டுவிட்டதால், அக்குழந்தைகளின் தாய்மார், என்ன தின்னக் கொடுத்தாய் என்ற கேள்வியை எதிர்கொள்ள நேர்கிறது. ஒரு சொல் இவ்வளவு துன்பம் தரும் என்றால் அச்சொல்லைத் திருத்துவது எழுதுவோரின் கடமை.

திருத்துவதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இலங்கைத் தமிழில் ‘வாழ்க்கைக் கோலம்’ என்னும் வழக்கு பரவலாக உள்ளது; மழைவீழ்ச்சியின் கோலம், குடித்தொகையின் கோலம் என்று பாடநூல்களில் அமைப்பைச் சுட்டும் அச்சொல், பலரது வாழ்வில் தொகுத்துப் பார்த்தால் தென்படும் வடிவத்தைப் பழிசேராமல் சொல்கிறது. இசையிலும் ஆடலிலும் தழைத்த ‘பாணி’, தனிமனிதர் விரும்பி வகுத்துக்கொள்வதற்குப் பொருத்தமானது. இணைப்பிதழ்களின் லைஃப்ஸ்டைலை ‘வாழ்க்கைப் பாணி’ என்பதில் இடரில்லை. ‘வாழ்வியல்’ என்று சிலர் எழுதுவது அத்துணைப் பொருத்தமில்லை. ‘இயல்’ ஈற்றைப் பெற்ற சொல் ஓர் அறிவுத்துறையைக் குறிப்பது; தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மானிடப் புலங்களுக்காக வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு ‘வாழ்வியற் களஞ்சியம்’ என்று பெயரிட்டது அப்பொருளில்தான். அழகுக் குறிப்புகளின் தலைப்பாக அதை இறக்குவது சொல்லின் பெருமையைக் குறைப்பதாகும். ‘வாழ்க்கைத் தரம்’ என்பதையும் இவற்றோடு குழப்பலாகாது. அது வருமானம், வீடு, கல்வி, குடிநீர் என்று அளந்து ஒப்பிடக்கூடியது. வாழ்க்கை முறை என்னும் தொடரை அதன் தமிழ்ப்பொருளுக்கே, அதாவது மீனவர், மேய்ச்சலர், உழவர், நெசவாளர் போன்றோர் தொழிலோடும் நிலத்தோடும் பொருந்தி நடத்திவரும் கூட்டொழுங்குக்கே, மீட்டுக்கொடுப்பது நன்று.

நோயைக் குறிக்கவோ புதுச்சொல் தேடவேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை நோயாளிகளின் வீட்டுவாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. அந்தக் களத்தில் இந்நோய்கள் ‘தொற்றா நோய்கள்’ என்றே வழங்குகின்றன. இலங்கையின் சுகாதார ஏடுகளிலும் அதுவே வழக்கு. யாரையும் குற்றஞ்சாட்டாத அச்சொல்லை, தமிழில் உடல்நலம் பற்றி எழுதும் மருத்துவர்களும் அவர்களின் எழுத்தை வெளியிடும் ஆசிரியர்களும் இனி ‘வாழ்க்கை முறை நோய்’ என்று எழுதும் இடங்களிலெல்லாம் எழுதவேண்டும்.